சிலிகான் மோல்டில் வீட்டுச் சோப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்களில் பெரும்பாலானவை கோல்ட் பிராசஸ் சோப்பைப் பற்றியவை. எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் கலந்து, அடுப்பில் ஏற்றாமல் மோல்டில் ஊற்றி இறுகவிடும் முறை அது. ரெடிமேட் சோப் பேஸை உருக்கி ஊற்றுகிறவர்களுக்கான பதில் பின்பகுதியில் தனியாக இருக்கிறது. சிலிகானின் நல்லதும் தொல்லையும் ஒரே குணத்திலிருந்து வருகின்றன: சோப்பு அதில் ஒட்டாது, அதன் வழியே ஈரமும் வெளியேறாது. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது குணத்தால் வருபவைதான்.

மரப்பெட்டி, பிளாஸ்டிக் டப்பா இருக்கும்போது சிலிகான் எதற்கு?

மரப்பெட்டியில் ஊற்ற ஒவ்வொரு முறையும் பட்டர் பேப்பரை அளந்து மடித்து விரிக்க வேண்டும். கெட்டி பிளாஸ்டிக்கில் காற்று புகாமல் சோப்பு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், தட்டி எடுக்கும்போது ஓரம் உடையும். சிலிகான் வளையும், காகிதம் தேவையில்லை, சூடும் தாங்கும். காஸ்டிக் கலந்த சோப்புக் கலவையும் அதை ஒன்றும் செய்யாது.

அலுமினிய கேக் டின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். பாத்திரமும் போகும், சோப்பும் போகும். கலக்குவதற்கு எவர்சில்வர் அல்லது கெட்டியான பாலிப்ரொப்பிலீன் பாத்திரம் எடுங்கள். சிலிகான் கிண்ணத்தில் காஸ்டிக் கரைசலைக் கரைக்க வேண்டாம். சூடான அடர்கரைசல் நாளடைவில் சிலிகானையும் பழுதாக்கும்.

முதலில் எந்த மோல்டு வாங்குவது? குழிக்குழியாக இருப்பதா, நீளமான லோஃப் மோல்டா?

நம் ஊரில் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் அதிகம் சேர்த்துத்தான் சோப்பு செய்கிறோம். அதற்குக் குழி மோல்டே ஏற்றது. தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் கெட்டியாகிவிடும். லோஃப் மோல்டில் ஊற்றி நேரம் தவறினால் கத்தி வைத்ததும் நொறுங்கும். குழி மோல்டில் வெட்டும் வேலையே இல்லை.

இரண்டு மூன்று நிறத்தைச் சுழித்து டிசைன் போட ஆசை இருந்தால், அல்லது ஒரே தடவையில் ஒரு கிலோ செய்ய வேண்டுமென்றால் லோஃப் மோல்டு. வாங்கும்போதே அது உட்காரும் மரப்பெட்டியோடு வாங்குங்கள். பெட்டி இல்லாத லோஃப் மோல்டின் நடுப்பகுதி கலவையின் கனத்தில் வெளியே பிதுங்கும். வெட்டிய சோப்பெல்லாம் தொப்பை வைத்திருக்கும். பெட்டி கிடைக்காவிட்டால் இரண்டு நீளப் பக்கங்களிலும் செங்கல்லை ஒட்டி வைத்தாலே போதும்.

பூ இதழ், சாமி உருவம் என்று நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட மோல்டுகள் சோப் பேஸுக்குச் சரி. கோல்ட் பிராசஸில் அவற்றை முதல் மோல்டாக எடுத்தால் மெல்லிய நுனிகள் ஒவ்வொன்றும் மோல்டிலேயே தங்கிவிடும்.

நல்ல சிலிகானா என்று எப்படிப் பார்ப்பது?

ஓரத்தைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். முறுக்கிய இடம் வெள்ளையாக மாறினால் உள்ளே மலிவான நிரப்பி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இதை நூற்றுக்கு நூறு சரியான சோதனை என்று சொல்ல முடியாது, ஆனால் கடையில் நின்றபடி செய்ய வேறு வழியும் இல்லை. சுவரின் தடிமனையும் பாருங்கள். ஒரு கையில் தூக்கினால் துணிபோலத் தொங்குகிற மோல்டில் வடிவம் நிற்காது. திறந்ததும் மூக்கைத் துளைக்கும் ரப்பர் நாற்றம் அடித்தால் வேண்டாம்.

என் மோல்டுக்கு எவ்வளவு எண்ணெய் எடுக்க வேண்டும்?

மோல்டில் எழுதியிருக்கும் 100 கிராம் என்ற கணக்கை நம்பாதீர்கள். மோல்டைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரின் எடையை 0.69-ஆல் பெருக்கினால் மொத்த எண்ணெயின் எடை வரும். 725 கிராம் தண்ணீர் பிடிக்கிற மோல்டுக்கு 500 கிராம் எண்ணெய். லோஃப் மோல்டென்றால் உள்ளளவை ஸ்கேலால் அளந்தும் போடலாம்: நீளம் 20, அகலம் 7, உயரம் 6 செ.மீ. என்றால் 840 மி.லி.; எண்ணெய் சுமார் 580 கிராம். அளந்தபின் மோல்டை ஈரமில்லாமல் துடைத்துக் காய வையுங்கள். குழியில் தங்கிய நீர்த்துளி இருந்த இடத்தில் சோப்பில் பள்ளம் விழும்.

இந்தக் கணக்கு காஸ்டிக்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்க்கும் முறைக்கானது. 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு அளவு:

தேங்காய் எண்ணெய் 250 கிராம்
கடலை எண்ணெய் 200 கிராம்
விளக்கெண்ணெய் 50 கிராம்
காஸ்டிக் சோடா 75 கிராம்
தண்ணீர் 150 கிராம்

இதில் ஏறத்தாழ 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். தோல் வறளாமல் இருக்க அது வேண்டும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக்கின் அளவு வேறு. தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கிராம், கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. ஆகவே ஒரு எண்ணெயை மாற்றினாலும் கணக்கை மறுபடி போட வேண்டும். எல்லாமே எடைதான், கப், ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. ஒரு கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

ஊற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போது அடுப்பில் வைத்ததுபோலச் சுடும், ஆவி நெடியடிக்கும். ஓரமாக வைத்து ஆறவிடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. தோலில் பட்டால் வினிகர் தேட வேண்டாம், ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் அப்படியே கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கரைசலும் எண்ணெயும் 35 முதல் 40 டிகிரிக்குள் வந்ததும் சேர்த்து, ஹேண்ட் பிளெண்டரால் விட்டு விட்டு அடியுங்கள். கரண்டியிலிருந்து சொட்டினால் மேலே மெல்லிய தடம் நின்று மறைய வேண்டும். இதுதான் லைட் ட்ரேஸ்; மோர்க்குழம்பின் பதம். குழி மோல்டுக்கு இந்தப் பதத்தைத் தாண்டவிடாதீர்கள். கெட்டியானால் மூலைகளுக்குள் இறங்காது, எடுத்ததும் முனையில் ஓட்டை தெரியும்.

ஊற்றுமுன் மோல்டின் அடியில் ஒரு தட்டையான பலகையோ டிரேயோ இருக்கிறதா என்று பாருங்கள். ஊற்றியபிறகு சிலிகானைத் தூக்கினால் வளைந்து கொட்டிவிடும். வேலைப்பாடு உள்ள குழியென்றால் முதலில் ஒரு ஸ்பூன் கலவையை விட்டு பிரஷ்ஷால் மூலைகளில் தடவி, பிறகு நிரப்புங்கள். கடைசியில் பலகையோடு தூக்கி நான்கைந்து முறை மேஜையில் தட்டினால் காற்றுக்குமிழி மேலே வந்துவிடும்.

மோல்டில் எண்ணெய் தடவ வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் அதுவும் காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகி, மேற்பரப்பைத்தான் கெடுக்கும். மிக நுணுக்கமான மோல்டுக்கு லிக்விட் பாரஃபினைத் துளி தடவலாம். அது காஸ்டிக்கோடு சேராது.

மூன்று நாளாகியும் சோப்பு பிசுபிசுவென்று இருக்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும் தவறு எதுவும் இல்லை, அவசரம்தான். மரப்பெட்டியில் காகிதம் வழியாகவும் மரம் வழியாகவும் ஈரம் கொஞ்சம் வெளியேறும். சிலிகானில் மேல்புறம் ஒன்றுதான் திறந்திருக்கிறது. மரப்பெட்டியில் ஒரு நாளில் வெளிவரும் அதே கலவை சிலிகானில் மூன்று நாள் கேட்கும், ஒரு வாரம்கூட ஆகும். ஆலிவ் எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டெண்ணெய் போன்றவை அதிகமிருந்தால் இன்னும் தாமதம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதற்கு மேலும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறைக்கு முதலில் மாற்ற வேண்டியது தண்ணீரின் அளவு. பழைய குறிப்புகள் பலவற்றில் எண்ணெயின் எடையில் 38 சதவீதம் தண்ணீர் என்று இருக்கும். மேலே சொன்ன 500 கிராம் எண்ணெய்க்கு அது 190 கிராம். மரப்பெட்டிக்கு அது பரவாயில்லை. சிலிகானில் அந்த 40 கிராம் கூடுதல் நீர் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். காஸ்டிக்குக்கு இரண்டு பங்கு என்ற அளவில் நிறுத்துங்கள். கை பழகியபின் 1.8 பங்குவரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் கலவை சீக்கிரம் கெட்டியாகும், ஊற்ற நேரம் கிடைக்காது.

இரண்டாவது உப்பு. 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் சாதா உப்பை, காஸ்டிக் போடுமுன் தண்ணீரில் முழுதும் கரைத்துவிடுங்கள். உப்புக்குப் பதில் சோடியம் லாக்டேட் கரைசல் கிடைத்தால் அதே ஒரு டீஸ்பூன் அளவை ஆறிய காஸ்டிக் கரைசலில் சேருங்கள். இரண்டுமே சோப்பைச் சீக்கிரம் இறுக வைக்கும். கூடிப்போனால் சோப்பு உதிரும், ஆகையால் ஒரு டீஸ்பூனோடு நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்து ஒரு வாரத்துக்குப் பிறகும் மாவாகவே இருந்தால், அல்லது மேலே எண்ணெய் தேங்கி நின்றால், அது மோல்டின் குற்றமல்ல. காஸ்டிக் குறைந்திருக்கும், காஸ்டிக் காற்றில் ஈரம் இழுத்துப் பழசாகியிருக்கும், அல்லது கலவை சரியாகச் சேருமுன் ஊற்றியிருப்பீர்கள். காஸ்டிக் டப்பாவை எப்போதும் இறுக்க மூடி வையுங்கள்.

ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாமா?

கலவை ஓரளவு இறுகியும் ஓரம் மட்டும் ஒட்டினால் வைக்கலாம். ஊற்றி இரண்டு நாள் கழித்து, மோல்டோடு ஃப்ரீசரில் மூன்று நான்கு மணி நேரம். எடுத்ததும் தாமதிக்காமல் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுங்கள். வெளியே வந்த சோப்பின் மேல் ஈரம் பனிக்கும். அதைத் துடைக்கப் போனால் விரல்தடம் பதியும். ஃபேன் காற்றில் தொடாமல் விட்டால் தானே காய்ந்துவிடும். ஊற்றிய அன்றே ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். சோப்பாகும் வினை குளிரில் மந்தமாகிவிடும், உள்ளே காஸ்டிக் மிச்சமிருக்கும்.

எடுக்கும்போது மூலை பிய்ந்துவிடுகிறது. சரியான முறை எது?

முதலில் சோதனை: கையுறை போட்டு மேற்புறத்தின் ஓரத்தை அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். விழாவிட்டால் மோல்டின் சுவரை வெளிப்பக்கம் இழுங்கள். சுவருக்கும் சோப்புக்கும் நடுவே மெல்லிய கோடாகக் காற்று புகுவது கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோடு நாலு பக்கமும் சுற்றி வந்தபின் மோல்டைக் கவிழ்த்து, இரண்டு கட்டைவிரல்களாலும் குழியின் அடியை மெதுவாக அழுத்தினால் சோப்பு முழுசாகக் கையில் விழும். கோடு சுற்றி வருமுன் அழுத்தினால்தான் மூலை உள்ளே தங்குகிறது. கத்தியை விட்டு நெம்பினால் மோல்டில் கீறல் விழும், அந்தக் கீறல் அதற்கப்புறம் ஊற்றும் ஒவ்வொரு சோப்பிலும் வரும்.

எடுத்த சோப்பைப் பயன்படுத்த நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட வையுங்கள். சிலிகானில் அடைபட்ட நீரெல்லாம் இந்தக் காலத்தில்தான் வெளியேறும். அலுமினியத் தட்டு வேண்டாம். மூங்கில் தட்டு, பிளாஸ்டிக் கூடை போதும். வாரம் ஒரு முறை திருப்பிப் போடுங்கள்.

சோப்பின் நடுவில் வட்டமாக வேறு நிறம் தெரிகிறதே?

அரைகுறை ஜெல். சோப்பாகும்போது கலவை தானே சூடாகிக் கண்ணாடிபோல மாறும் நிலைக்கு ஜெல் என்று பெயர். சிறு குழியில் ஓரம் சீக்கிரம் ஆறிவிடும், நடுவே மட்டும் சூடு ஏறும். அதுதான் அந்த வட்டம். பயன்பாட்டில் எந்தக் குறையும் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. வட்டம் வேண்டாமென்றால் ஒன்று முழுதாக ஜெல்லாக வேண்டும், அல்லது ஜெல்லே ஆகக் கூடாது. முழு ஜெல்லுக்கு மோல்டை ஒரு தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடி, போர்வை சுற்றி ஒரு நாள் விடுங்கள். ஜெல்லே வேண்டாமென்றால் 32 டிகிரி அளவில் கலந்து, ஊற்றியதும் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதன்பின் எடுக்க இன்னும் சில நாள் கூடுதலாகும்.

சிலிகானைத் தொட்ட பக்கமெல்லாம் குட்டிக் குட்டிப் பள்ளங்கள். ஏன்?

சூடு மிஞ்சியிருக்கிறது. சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் வைத்துவிட்டு, மேலே போர்வையும் சுற்றினால் இப்படித்தான் வரும். கலவையின் ஈரமும் காற்றும் வழவழப்பான சுவரில் குமிழாக மாட்டிக்கொள்கின்றன. கோடையில் போர்வை வேண்டாம், கரைசலை இன்னும் ஆறவிட்டுக் கலக்குங்கள், மோல்டை ஃபேனுக்கு அடியில் கம்பி ஸ்டாண்டின் மேல் வையுங்கள். ஏற்கெனவே பள்ளம் விழுந்த சோப்பின் மேல்தோலைக் காய் சீவும் பீலரால் மெல்லியதாகச் சீவிவிடலாம்.

மேலே வெள்ளைப் பொடி படிகிறது. பூஞ்சையா?

இல்லை. சோப்பாகாமல் மேலே நின்ற காஸ்டிக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகிறது. சிலிகான் மோல்டில் அது மேற்புறத்தில் மட்டும் வரும். ஊற்றியதும் ஐசோபிரொபைல் ஆல்கஹாலை லேசாக ஸ்பிரே செய்து, சோப்பைத் தொடாதபடி ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டுச் செய்யலாமா?

தாராளமாக, சிலிகான் குழி மோல்டு முழுப் பயனும் தருவது இதில்தான். 500 கிராம் தேங்காய் எண்ணெய், 73 கிராம் காஸ்டிக், 146 கிராம் தண்ணீர். இதில் 20 சதவீத எண்ணெய் மிஞ்சவிடுகிறோம், இல்லாவிட்டால் தோல் இழுக்கும். கலவை மிக வேகமாகச் சூடேறும், மறுநாளே எடுத்துவிடலாம். மூட வேண்டாம்.

குப்பைமேனி, மஞ்சள், வெல்லம், ஆட்டுப்பால் சேர்க்கிறோம். மோல்டில் ஏதாவது மாற்றம் உண்டா?

பாலும் வெல்லமும் தேனும் சூட்டைக் கூட்டும். லோஃப் மோல்டில் அவை நடுவே வெடித்துப் பொங்கி வழியும். சிறு குழியில் சூடு சீக்கிரம் வெளியேறுவதால் அந்தத் தொல்லை குறைவு. பச்சிலைச் சாற்றைத் தண்ணீருக்குப் பதில் ஊற்றுகிறவர்கள் பச்சை நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம், காஸ்டிக்கில் அது பழுப்பாகிவிடும். அதுவும் தண்ணீர்க் கணக்கில் அடங்க வேண்டும். மேலதிகமாக ஊற்றினால் மறுபடி அதே பிசுபிசுப்பு. மஞ்சள்தூள் காஸ்டிக் பட்டதும் சிவந்து, பிறகு ஆரஞ்சு கலந்த மஞ்சளாகத் தணியும். வெளிர்நிற மோல்டில் மஞ்சள் கறை பிடித்தால் போகாது, அதற்கென்று ஒரு மோல்டை ஒதுக்கிவிடுவது நல்லது.

சோப் பேஸை உருக்கி ஊற்றும்போது?

இது சுலபம். பேஸைச் சிறு துண்டுகளாக்கி டபுள் பாய்லரில் உருக்குங்கள், கொதிக்கவிடாதீர்கள். 50 முதல் 55 டிகிரியில் ஊற்றி, மேலே வரும் நுரைக்கு உடனே சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஸ்பிரே செய்தால் குமிழி உடைந்து கண்ணாடிபோல நிற்கும். இரண்டு நிற அடுக்கு வேண்டுமானால் முதல் அடுக்கின் மேல் ஏடு கட்டியதும் ஸ்பிரிட் தெளித்து அடுத்ததை ஊற்றுங்கள். ஸ்பிரிட் இல்லாமல் ஊற்றினால் குளிக்கும்போது இரண்டும் தனித்தனியாகப் பிரியும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். இதற்கு ஃப்ரீசர் வேண்டாம். எடுத்த கையோடு கிளிங் ஃபிலிமில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரக் காற்றில் கிளிசரின் ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வியர்க்கும்.

அதே மோல்டில் கேக், ஜெல்லி செய்யலாமா?

வேண்டாம். வாசனைத் தைலத்தைச் சிலிகான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அது உணவில் இறங்கும். சோப்புக்கென்று ஒன்று, சமையலுக்கென்று ஒன்று.

எனக்குப் பிடித்த உருவத்தில் நானே மோல்டு செய்ய முடியுமா?

இரண்டு பாகமாக விற்கும் திரவச் சிலிகானில் செய்யலாம். பிளாட்டினம் வகையை எடுங்கள்; விலை கூடுதல், ஆனால் அளவு சுருங்காது, நாள்படும். டின் வகை மெல்லச் சுருங்கி வெடிக்கும். பிளாட்டினம் வகைக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ணில் மூல உருவம் செய்தாலோ, ரப்பர் கையுறையோடு கலந்தாலோ அந்த இடத்தில் இறுகாமல் கோந்தாகவே நிற்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். மூல உருவத்தில் உட்பக்கம் குடைந்த வளைவுகள் இருந்தால் சோப்பு வெளியே வராது, அவற்றை நிரப்பிவிட்டு ஊற்றுங்கள்.

மோல்டை எப்படிக் கழுவுவது? வெள்ளைப் படலமும் வாசனையும் போகவில்லை.

எடுத்த உடனே கையுறையில்லாமல் கழுவ வேண்டாம். சுவரில் ஒட்டியிருப்பது இன்னும் முழுதாகச் சோப்பாகியிருக்காது. ஒரு நாள் விட்டால் அந்தத் துணுக்குகளும் சோப்பாகிவிடும், வெந்நீரில் ஊறவைத்தாலே கரையும். ஸ்பாஞ்சின் மெத்தென்ற பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள். கம்பி நார் போட்டால் பளபளப்புப் போய், அடுத்த சோப்பு அங்கே ஒட்டும்.

வெள்ளைப் படலம் பெரும்பாலும் போர்த்தண்ணீரால் வருவது. உப்புநீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து படியும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெந்நீரில் நான்கில் ஒரு பங்கு வினிகர் விட்டு அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள், பிறகு ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். வாசனை போக, காய்ந்த மோல்டை ஓவனில் 120 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் பெரிய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிடலாம். அப்படியும் லேசாக மணம் நின்றால், அதே வாசனைச் சோப்புக்கே அந்த மோல்டை வைத்துக்கொள்ளுங்கள். வாசனை சேர்க்காத குழந்தைச் சோப்பை மட்டும் அதில் ஊற்ற வேண்டாம்.